ராக்கெட் ஏறியதும் அணைத்துவிடாதீர்கள்: விண்வெளிப் பயணத்தை நேரலையில் முழுசாகப் பார்ப்பது எப்படி?

2025 ஜூன் 25, இந்திய நேரம் பகல் 12.01. இந்திய வீரர் சுபான்ஷு சுக்லாவும் மற்ற மூவரும் அமர்ந்திருந்த டிராகன் விண்கலத்தைச் சுமந்துகொண்டு ஃபால்கன் 9 ராக்கெட் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. என் நண்பர்கள் பலர் கைதட்டிவிட்டு போனை மூடிவிட்டார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன, ஆக்ஸியம் 4 என்ற அந்தப் பயணம் அதற்குப் பிறகும் 20 நாள் நடந்தது. அடுத்த பயணத்தை நீங்கள் முழுசாகப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, நேரத்தை மாற்றிக் குறித்துக்கொள்வது. அறிவிப்புகள் பெரும்பாலும் புளோரிடா நேரத்தில்தான் வரும். கோடையில் அதோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம், குளிர்காலத்தில் பத்தரை. கிளம்புதல், நிலையத்தோடு இணைதல், அதிலிருந்து பிரிதல், கடலில் இறங்குதல் என்று நான்கு நேரங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் தேதி மாறும். ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்ததால் ஆக்ஸியம் 4கூட ஒருமுறை தள்ளிப்போனது.

அடுத்து, நாசாவின் யூடியூப் நேரலையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். சுமார் 45 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் நிரப்பலாமா என்று முடிவெடுப்பார்கள். அப்புறம் வீரர்கள் நடந்து வந்த பாலம் மெதுவாக விலகும். அதன்பின் ஆபத்து வந்தால் கலம் ராக்கெட்டிலிருந்து தப்பிக்கும் அமைப்பைத் தயார்நிலையில் வைத்து, 35 நிமிடம் இருக்கும்போது மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் ஏற்றத் தொடங்குவார்கள். மனிதர்கள் உள்ளே இருக்கும்போதே!

கிளம்பிய பிறகு திரையின் ஓரத்தில் வேகத்தைக் கவனியுங்கள். இரண்டரை நிமிடம் கடந்ததும் கீழ் அடுக்கு கழன்றுவிடும். ஒன்பது நிமிடத்துக்குள் மேல் அடுக்கும் அணைந்து, வேகம் மணிக்கு 27,000 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். அந்த நொடியில் கேபினுக்குள் பாருங்கள். ஆக்ஸியம் 4இல் 'ஜாய்' என்ற அன்னப்பறவை பொம்மை மிதந்தது. எடை போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது இணைப்பு. புதியவர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கிளம்பி 28 மணி நேரம் கழித்து, ஜூன் 26 மாலை 4.01க்கு அது நடந்தது. கலம் நிலையத்துக்கு 20 மீட்டர் தூரத்தில் நின்று, அனுமதி கிடைத்ததும் நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். திரையில் நிலையத்தின் இணைப்பு வளையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், யாரும் அதிகம் பேச மாட்டார்கள். தொட்டதும் முதலில் லேசாகப் பற்றிக்கொள்ளும் மென்பிடி. பிறகு 12 கொக்கிகள் இறுகப் பூட்டும். கசிவு சோதித்துக் கதவு திறக்க இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள், அந்தக் கட்டியணைப்புகளைப் பார்க்காமல் போகாதீர்கள்.

இடைப்பட்ட நாட்களில் மொட்டை மாடிக்குப் போங்கள். நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி உங்கள் ஊருக்கு மேல் நிலையம் கடக்கும் நேரத்தைச் சொல்லும். சூரியன் மறைந்த சிறிது நேரத்திலோ விடிவதற்கு முன்போ, கண்சிமிட்டாத ஒரு வெளிச்சப் புள்ளி வானத்தைக் கடக்கும். அதற்குள் அவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகத் திரும்புதல். ஜூலை 15 மாலை 3.01க்குக் கலம் சான் டியாகோ அருகே கடலில் இறங்கியது. வளிமண்டலத்துக்குள் நுழையும்போது சுற்றிலும் பிளாஸ்மா சூழ்ந்து, சில நிமிடங்களுக்கு வானொலித் தொடர்பு அறுந்துபோகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த மௌனத்தில் என் கை பிசைந்துகொண்டுதான் இருக்கும். குரல் திரும்பியதும் பாராசூட்களை எண்ணுங்கள்: முதலில் சிறியவை இரண்டு, சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் பெரியவை நான்கு. மீட்புக் கப்பலில் ஏற்றி, பக்கக் கதவைத் திறந்து, நால்வரும் ஒவ்வொருவராக வெளியே வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை இருங்கள்.