வெளிநாட்டில இருந்து வந்த பழைய தோல் கதிரையளுக்கு நாங்கள் செய்யிற பிழையள்

எங்கட பெரியப்பா டென்மார்க்கில இருந்து சாமான் அனுப்பேக்க, அங்க பாவிச்ச சாமான் விக்கிற கடையில வேண்டின ஆறு சாப்பாட்டுக் கதிரையளையும் சேர்த்து அனுப்பினவர். தேக்குச் சட்டம், கறுப்புத் தோல் இருக்கை, 1960களில செய்தது. அங்க அவ்வளவு காலம் நல்லா இருந்த கதிரை இங்க ரெண்டு மாரிக்குள்ள பழுதாகத் தொடங்கிட்டுது, அதில பாதி நாங்கள் நல்லதெண்டு நினைச்சுச் செய்த வேலையாலதான்.

முதல் பிழை தேங்காயெண்ணெய். தோல் காஞ்சு போச்சு எண்டு அம்மா ஒரு துணியில தொட்டு நல்லாப் பூசினவ, அண்டைக்குப் பாக்க மினுமினுப்பா வடிவாத்தான் இருந்தது. பேந்து அது உள்ள ஊறி தோல் இன்னும் கறுத்து, சிக்கு மணம் வந்து, கார்த்திகை மழைக்கு அந்த இடத்திலயே வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சுது. ஈரக்காத்தில தோலுக்குப் பூஞ்சணம் வாறது வழமைதான், எண்ணெயும் ஊத்தையும் இருந்தா இன்னும் கெதியா வரும். வந்திட்டா கதிரையை வெளியில கொண்டுபோய் காஞ்ச துணியால துடைச்சு, நிழல்ல காத்துப்பட வையுங்கோ. வெயில்ல வைச்சா தோல் வெடிக்கும். கிணத்துத் தண்ணியால கழுவாதேங்கோ, எங்கட சுண்ணாம்புத் தண்ணி காஞ்சாப் பிறகு வெள்ளைக் கறை விடும். தோலுக்கெண்டே விக்கிற கிரீமை வருசத்தில ஒண்டு ரெண்டு தரம் மெல்லிசாப் பூசினாக் காணும். அதுக்கு முதல் கதிரையைக் கவிட்டு, இருக்கையின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ, நார் நாரா இருந்தா தோல், துணி நெய்த மாதிரி இருந்தா ரெக்சின், அதுக்குக் கிரீம் தேவையில்லை.

ரெண்டாவதைச் சொல்லேக்க எனக்கு மனம் நோகும். கதிரை ஆடினா உடன ஆணி அடிக்கிறது, இல்லாட்டி ஸ்குரூ போட்டு இறுக்கிறது. இந்தக் கதிரையளின்ர பலம் முழுக்க பொருத்துக்குள்ளதான் இருக்கு, ஆணி போனா அந்த இடமே பிளந்திடும், கடற்காத்துக்கு ஆணி துருப்பிடிச்சு மரத்தையும் கறுப்பாக்கும். சோளகக் காத்துக் காலத்தில மரம் காஞ்சு சுருங்க, பழைய பசை விட்டுப்போறதாலதான் கனக்க ஆட்டம் வருது. பழைய கதிரையள் கனக்கத்தில மிருகத் தோல் எலும்பு காய்ச்சின வச்சிரம்தான் போட்டிருக்கு, அது வெந்நீருக்கு இளகும். பொருத்தை மெதுவாக் கழட்டி, பழைய பசையை முழுக்கத் துடைச்செடுத்து, புதுசாப் பூசி, கிளாம்ப் இல்லாட்டி கயித்தைச் சுத்தி ஒரு குச்சியால முறுக்கி ஒரு நாள் விட்டாச் சரி. பழைய பசைக்கு மேலயே வெள்ளைப் பசையை ஊத்திறது வீண்வேலை, அது மரத்தில பிடிக்காது. நம்பிக்கையான ஓடாவியார் ஒருத்தரைப் பிடிச்சு இதை முதலே சொல்லிப்போடுங்கோ.

சாண்ட் பேப்பர் போட்டு புதுசாக்கி கெட்டியா வார்னிஷ் அடிக்கிறதும் அப்பிடித்தான், தேக்கின்ர அந்த பழுத்த நிறம் திரும்ப வராது. அதோட கனக்கக் கதிரையளில இருக்கைக்குக் கீழ, சட்டத்தில செய்தவையின்ர முத்திரை இருக்கும், டென்மார்க்கில நீல்ஸ் மோலர் தொடங்கின கதிரைக் கம்பனி மாதிரி ஆக்களின்ர அடையாளம் அதுதான், தேச்சு அழிச்சா கதிரையின்ர பெறுமதியும் போகும். டென்மார்க் கதிரை வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல வடிவமைச்ச கதிரையளை இண்டைக்கும் உலகம் தேடித்தேடி வேண்டுது எண்டா அதின்ர கோடு, வளைவு, மரத்தின்ர தொடுகைக்காகத்தான், பளபளப்புக்காக இல்லை.

இருக்கை உள்ள இறங்கினா மேல தடிச்ச ஃபோம் வைக்கிறவையும் இருக்கினம். கீழ ரப்பர் பட்டி இருந்தா அது காஞ்சு தொய்ஞ்சிருக்கும், அதை மாத்துங்கோ. தடிச்ச ஃபோம் வைச்சா உயரம் கூடி, தொடை மேசையில முட்டும். அதுக்காகப் பிறகு காலை வெட்டின வீட்டையும் பாத்தனான்.

அங்க இருந்து அனுப்புற ஆக்களுக்கு ஒண்டு: பிரேசில் ரோஸ்வூட் எண்டா வாங்கமுதல் கேளுங்கோ, 1992இல இருந்து அந்த மரத்தின்ர உலக வியாபாரத்துக்கு சைட்டிஸ் எண்ட, அழியிற நிலையில உள்ள மரம் மிருகங்களின்ர வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற உலக ஒப்பந்தத்தில கடும் கட்டுப்பாடு, கடுதாசி இல்லாட்டி வழியில மறிப்பினம்.

வீடு கழுவேக்க கதிரையைத் தூக்கி மேசையில போடுங்கோ. கால் நுனியால தண்ணி உறிஞ்சுது, பீச் மரக் கால் எண்டா கறையானும் அங்கால இருந்துதான் ஏறும்.