நான்கெல்லை எழுதும்போது தடுமாறும் ‘வடக்கு’

பத்திரம் எழுதப் பழகுபவர்களின் வரைவுகளைத் திருத்தும்போதெல்லாம், தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிக் கெடுத்த அதே வரிகள் வேறொருவர் கையெழுத்தில் திரும்பி வருகின்றன. சர்வே எண்ணை மாற்றி எழுதினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சொத்தின் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் வரிகளில் வரும் திசைப் பிழை அப்படிக் கண்ணில் படுவதில்லை.

‘வடக்கு’ யாருக்கு வடக்கு?

ஒரு மனைக்கு வடக்கே தெருவும், தெற்கே விற்பவருடைய அண்ணன் வீடும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொத்து விவரத்தில் இது ‘தெருவுக்குத் தெற்கு, அண்ணன் மனைக்கு வடக்கு’ என்று வரும். அண்டை நிலத்திலிருந்து பார்த்தால் நம் சொத்து எந்தத் திசையில் கிடக்கிறது என்பதையே இந்த நடை சொல்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 21ஆம் பிரிவில், நகரத்து வீடுகளைத் தெருவின் எந்தப் புறத்தில் உள்ளவை என்று குறிக்கச் சொல்வதும் இதே போக்கில்தான்.

வாங்குபவர் ‘வடக்குப் பார்த்த மனை’ என்று சொன்னதைக் கேட்டு, நான் ‘தெருவுக்கு வடக்கு, அண்ணன் மனைக்குத் தெற்கு’ என்று எழுதிவிட்டேன். அப்படி ஒரு நிலம் பூமியிலேயே கிடையாது. பத்திரம் பதிவாகிச் சில ஆண்டுகள் கழித்து, வீட்டுக் கடனுக்காக ஆவணங்களைப் பார்த்த வங்கி வழக்கறிஞர்தான் அதைக் கண்டார். அதற்குள் விற்றவர் இறந்துவிட்டதால், பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்திட அவருடைய மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் தேடிப் போக வேண்டியிருந்தது. அதில் ஒருவர், தமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். செலவு முழுவதும் என் கையிலிருந்து போயிற்று.

நம் சொத்திலிருந்து பார்த்து ‘வடக்கில் தெரு’ என்று எழுதினாலும் பிழையில்லை; இரண்டு நடையையும் கலப்பதுதான் பிழை. ஒரு மாதிரிப் பத்திரத்திலிருந்து இரண்டு எல்லையும் இன்னொன்றிலிருந்து இரண்டும் எடுத்து ஒட்டிவிட்டு, ‘மாதிரியில் இப்படித்தான் இருந்தது’ என்று பதில் சொல்வதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

கீழ்ப்புறம் தாளின் அடிப்பக்கம் அன்று

மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரியும் நாட்டில் உயர்ந்த பக்கமான மேற்கு மேல், தாழ்ந்த பக்கமான கிழக்கு கீழ். மதுரையில் கீழ மாசி வீதி கோயிலுக்குக் கிழக்கேதான் இருக்கிறது. அண்மையில் ஒருவர் கீழ்ப்புறத்து வாய்க்காலை வரைபடத்தின் அடியில் வரைந்து, வாய்க்காலைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்.

கிழமேல், தென்வடல்

கிழக்கு மேற்காக, தெற்கு வடக்காக என்று இவை அளவு ஓடும் போக்கைச் சொல்பவை, எல்லை அல்ல.

கன்னி மூலை

பேச்சில் தென்மேற்கு மூலையை இப்படிச் சொல்வார்கள். பத்திரத்தில் ‘தென்மேற்கு’ என்றே எழுதுங்கள்.