"இத்தனை லட்சம் பேர் வந்தார்கள்": அந்த எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

உலகக் கோப்பையோ ஒலிம்பிக்ஸோ நடத்தும் ஊரில் "இத்தனை லட்சம் வெளிநாட்டவர்" என்று ஓர் எண் கட்டாயம் வரும். அதைக் காட்டித்தான் அடுத்த ஊரிலும் ஸ்டேடியத்துக்கு வரிப்பணம் கேட்பார்கள். அதனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸ் போதும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்தான் வைத்திருக்கிறேன். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், வெறும் வகுத்தல்தான்.

படி 1: எண் போட்டிக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா?

2010-ல் தென்னாப்பிரிக்கா நடத்திய கால்பந்து உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். கிராண்ட் தார்ன்டன் என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனம் முதலில் கணித்தது 4,83,000 பேர். 2010 ஏப்ரலில் அதை 3,73,000 ஆகக் குறைத்தது. எல்லாம் முடிந்தபின் அந்நாட்டுச் சுற்றுலாத் துறை சொன்னது 3,09,554. முதல் கணிப்பில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. முன்கணிப்பையும் பின்கணக்கையும் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள்.

படி 2: தலையா, இருக்கையா?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள். ஒருவர் ஐந்து ஆட்டம் பார்த்தால் மைதானக் கணக்கில் அவர் ஐந்து பேர். 2010-ல் 64 ஆட்டங்களுக்கும் சேர்த்து சுமார் 31.8 லட்சம் இருக்கைகள் நிரம்பின. அதை 3,09,554-ஆல் வகுத்தால் தலைக்குப் பத்து ஆட்டம் வருகிறது. வெளியூர்க்காரர் ஒவ்வொருவரும் பத்து ஆட்டம் பார்க்க வழியில்லை. ஆக, பெரும்பாலான இருக்கைகளில் இருந்தது உள்ளூர்க்காரர்கள்.

2022 கத்தார் உலகக் கோப்பைக்கும் இதையே செய்யுங்கள். இருக்கைகள் 34 லட்சம், வருகையாளர்கள் 14 லட்சத்துக்கு மேல் என்றார்கள். வகுத்தால் 2.4 ஆட்டம். உள்ளூரில் ஒருவர்கூட டிக்கெட் வாங்காவிட்டால்தான் அந்த 2.4. அப்படியானால் வந்தவர்களில் பலர் ஆட்டமே பார்க்கவில்லையா? ஆம், அதற்கும் வழி இருந்தது. ஹய்யா அட்டை (போட்டிக்கு வருபவர்களுக்கான நுழைவு அனுமதி) வைத்திருந்தவர் டிக்கெட் இல்லாத மூவரை அழைத்துவரலாம். டிசம்பர் 2-க்குப் பிறகு டிக்கெட் இல்லாதவர்களுக்கும் நாட்டுக்குள் வர அனுமதி கிடைத்தது. "வருகையாளர்" வேறு, "பார்வையாளர்" வேறு.

(இடையில் ஒன்று: அல் பைத் மைதானக் கொள்ளளவு 60,000 என்றிருக்க, தொடக்க ஆட்டத்துக்கு 67,372 பேர் என்று அறிவித்தார்கள். பிறகு கொள்ளளவுப் பட்டியலே திருத்தப்பட்டது. எனவே பட்டியல் எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள்.)

படி 3: வராமல் போனவர்களைக் கழியுங்கள்

கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து வழக்கமான சுற்றுலாப் பயணிகள் ஒதுங்கிவிடுவார்கள். ஒலிம்பிக்ஸ் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணங்கள் முந்தைய ஆகஸ்டைவிட 5 சதவீதம் குறைவு. செலவுத் தொகை மட்டும் கூடியது. ஆகவே முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஏற்பாட்டாளர்களின் செய்திக்குறிப்பைவிட நாட்டின் புள்ளியியல் அலுவலகத்து மாதாந்திர அட்டவணையைத்தான் நான் நம்புவேன்.

பிற்சேர்க்கை: "ஹோட்டல் அறைகளை எண்ணினால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டார். நல்ல கேள்வி. லண்டன் மாதிரி ஊருக்கு ஓரளவு சரிவரும். கத்தாரில் எடுபடாது, பலர் துபாயில் தங்கி, ஆட்டத்தன்று மட்டும் விமானத்தில் போய்த் திரும்பினார்கள். அறைக் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை; எல்லைக் கணக்கிலோ ஒரே ஆள் பலமுறை பதிவாகலாம். இப்படிப்பட்ட இடங்களில் "எத்தனை நுழைவு" என்பதோடு "எத்தனை இரவு தங்கினார்கள்" என்பதையும் தேடி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.