யுகுலேலே: வாங்கும்போதும் வகுப்பு தேடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என்னிடம் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேர் பளபளவென்று வண்ணம் பூசிய யுகுலேலேயோடு, அதாவது கிட்டார் மாதிரி இருக்கும் நாலு தந்திச் சின்ன வாத்தியத்தோடு, வந்தார்கள். மூன்றுமே படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கியவை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். நீல நிறம், 1,800 ரூபாய். எட்டு மாதம் அதோடு போராடிவிட்டு, எனக்கு இசை வராது என்று முடிவு செய்து பரண்மேல் போட்டுவிட்டேன். அந்த எட்டு மாதத்தை வேறு யாரும் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தினமும் வாசியுங்கள், இடது கை நகத்தை வெட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

சுருதி நிற்காத யுகுலேலேயை வாங்குவது

யுகுலேலேயின் நாலு தந்திகளுக்கும் அவை ஒலிக்கும் மேற்கத்திய சுரங்களின் பெயர்தான்: ஜி, சி, ஈ, ஏ. சுருதியைக் காட்டும் ட்யூனர் வைத்து நாலையும் சேர்த்துவிடுகிறோம். வெறும் தந்தியை மீட்டினால் நன்றாகவே இருக்கிறது. சி கார்டுக்கு (நாலு தந்தியும் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் மூன்றாவதை ஒட்டி, ஒரு விரல் வைத்தால் போதும், அதுவும் பரவாயில்லை. எஃப் கார்டுக்கு வந்ததும் காது கூசுகிறது. உடனே விரலைத்தான் சந்தேகப்படுகிறோம்.

தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டைக்கு நட் என்று பெயர். அதில் தந்திக்கு எடுத்திருக்கும் காடி போதிய ஆழம் இல்லையென்றால் தந்தி தூக்கிக்கொண்டு நிற்கும். எஃப் கார்டில் ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில், அதாவது நட்டுக்குப் பக்கத்திலேயே, அழுத்த வேண்டும். தூக்கி நிற்கும் தந்தி அங்கே இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். எவ்வளவு பழகினாலும் அந்தக் கார்டு சேராது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினோரு வயதுப் பெண், நாலு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். "பாட்டு நல்லா பாடுறா சார், இதுல மட்டும் சுருதி நிக்க மாட்டேங்குது. விரலுக்கு பலம் போதலன்னு சொல்றாங்க" என்றார். அதற்கு முன் போன வகுப்பில் "இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய விரல் நுனிகளில் தந்தி பதிந்த கோடுகள் சிவந்து கிடந்தன. அழுத்த அழுத்தத் தந்தி இன்னும் இழுபட்டுச் சுருதி இன்னும் ஏறும் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியவில்லை.

ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் மீட்டிவிட்டு, இந்தச் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்று பாடிக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் கீழே பாடினாள். ட்யூனரில் பார்த்தால் அவள் பாடியதுதான் சரி, யுகுலேலே முப்பது சென்ட் மேலே நின்றது. ஒரு அரைச்சுரத்தை நூறு பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குதான் சென்ட். முப்பது என்பது அபசுரம். நல்ல காது இருந்ததால்தான் அவளால் அதைச் சகிக்க முடியவில்லை.

தந்திகளைத் தளர்த்தி, நட்டுக்கென்றே உள்ள மெல்லிய அரத்தால் நாலு காடியையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். அரை மணி நேர வேலை. திரும்ப எஃப் கார்டைப் பிடித்தவள் மீட்டிவிட்டு நிமிர்ந்து, "அப்போ என் விரல் மேல தப்பு இல்லையா சார்?" என்று கேட்டாள். ஆறு மாதமாகத் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்த குழந்தை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அதனால் கடையில் வாங்கினால் ட்யூனரோடு போங்கள், கைபேசிச் செயலியே போதும். முதலில் வெறும் தந்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டில் இயல்பாக அழுத்தி மீட்டுங்கள். சரியாக அரைச்சுரம் ஏறியிருக்க வேண்டும். ஐந்து சென்ட் தள்ளி நின்றால் கவலை இல்லை. பத்து என்றால் யோசியுங்கள். இருபது என்றால் அந்த யுகுலேலே வேண்டாம். அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட். வெறும் ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ் என்றால் அங்கே 880 வர வேண்டும், அதாவது அதே சுரம் மேல் ஸ்தாயியில். தந்தி தாழ்வாகவே இருந்தும் இங்கே நிறையத் தள்ளிப் போனால் பெரும்பாலும் உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை இடம் மாற்றி ஒட்டியிருப்பார்கள். நட்டைச் சரிசெய்துவிடலாம், இதைச் சரிசெய்வது லேசில்லை.

ட்யூனர் கையில் இல்லையா? மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும்.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பெட்டியைப் பிரித்த அன்றே இதையெல்லாம் சோதித்துவிடுங்கள். நட்டை வீட்டிலேயே அராவ வேண்டாம். ஆழம் கூடிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கிட்டார் தெரிந்தவர் என்றால் போதும் என்று சேர்வது

கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் கீழே உள்ள நாலு தந்திகளும் ஜி, சி, ஈ, ஏ தான். அதனால் கிட்டார் ஆசிரியர்கள் பலர் இதைச் சின்ன கிட்டார் என்றே நினைக்கிறார்கள். ஆனால் யுகுலேலேயில் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜி தந்தி தாழ்ந்த சுரம் தரும் தடித்த தந்தி இல்லை. அது சி, ஈ இரண்டையும்விட உயரமான சுரம். 1879-இல் மடெய்ராத் தீவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கப்பலில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர்களின் மச்செட் வாத்தியத்திலிருந்து ஹவாயில் உருவான இதற்கு அந்தத் துள்ளலைத் தருவதில் இந்த ஜி-க்குப் பெரிய பங்கு உண்டு. தாழ்ந்த ஜி போட்டு வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், அது தெரிந்து செய்யும் தேர்வு. முதல் நாளே "இந்தத் தந்தி தப்பாக இருக்கிறது, மாற்றிவிடலாம்" என்று சொல்கிறவரிடம் சேராதீர்கள்.

சேரும் முன் இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முடிந்தால் முதலில் ஆசிரியரைத் தேடுங்கள், பிறகு அவரோடு போய் யுகுலேலே வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் வகுப்பில் அதைக் கையில் வாங்கி ஃப்ரெட் ஃப்ரெட்டாக வாசித்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நான் ஆசிரியரை எடைபோடுவது இதை வைத்துத்தான்.

ஆன்லைன் வகுப்பு தனியாக என்றால் சரி. இருபது பேர் சேர்ந்து வாசிக்கும் வகுப்பு இணையத்தில் நடக்காது. ஒலி தாமதமாக வருவதால் யாரும் யாரோடும் தாளத்தில் சேர முடியாது.

பாரிடோனில் தொடங்குவது

பாரிடோன் என்பது யுகுலேலேயில் பெரிய அளவு. அதன் தந்திகள் டி, ஜி, பி, ஈ. வகுப்பில் மற்றவர்கள் பிடிக்கும் விரல் அமைப்பு உங்களுக்குப் பொருந்தாது. பெரியவர்களுக்கு கான்சர்ட் அளவு வசதி, குழந்தைகளுக்கு அதைவிடச் சின்ன சோப்ரானோ போதும்.

முதல் யுகுலேலேயே முழு மரத்தில்

ஹொனலுலுவில் 1916 முதல் கமாகா குடும்பத்தார் செய்துவரும், ஹவாயில் வளரும் கோவா (koa) மர யுகுலேலேயின் நாதத்துக்கு ஈடு இல்லை. ஆனால் சென்னையில் வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. முழு மரம் ஈரத்தில் உப்பும், வறண்டால் சுருங்கி விரிசல் விடும். பராமரிக்கத் தெரியும்வரை ஒட்டுப்பலகையில் செய்ததே நல்லது.

புதுத் தந்தி இறங்குகிறதே என்று திருப்பிக் கொடுப்பது

நைலான் தந்தி ஒரு வாரம், பத்து நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும். திரும்பத் திரும்பச் சேருங்கள்.

ஸ்டீல் தந்தி போடுவது

பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

காரில் விட்டுவிட்டுப் போவது

மே மாத வெயிலில், ஒரே மதியத்தில் பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொண்ட யுகுலேலேக்கள் இரண்டு இப்போதும் என் மேஜைமேல் இருக்கின்றன.