தெருமரங்களைக் காப்பதும் பெருக்குவதும்

குடியிருப்புப் பகுதியில் நிழலைப் பெருக்க விரும்புவோர், ஏற்கெனவே நிற்கும் முதிர்ந்த மரங்களை முதலில் காக்க வேண்டும். ஒரு பெருமரம் தரும் நிழலைப் புதிய கன்றுகள் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒவ்வொரு மரத்தின் இனத்தையும் நிலையையும் அடிமரச் சுற்றளவையும் குறித்து வைத்துக்கொண்டால், வெட்டும் முயற்சி வரும்போது உள்ளாட்சி அமைப்பிடம் ஆதாரத்துடன் முறையிடலாம்.

நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள், கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். ஆகவே சாலைப் பணியோ குழாய் பதிக்கும் பணியோ தொடங்குமுன், அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்கு வேலியிட்டு, அதனுள் பள்ளம் தோண்டாமலும் மணல், செங்கல் குவிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டம் 40 சென்டிமீட்டர் எனில் ஆரம் 4.8 மீட்டர். இடம் குறுகியதென்று பணியாளர்கள் மறுக்கக்கூடும். இயன்ற அளவு விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டிய இடம் இதுவே.

கிளையை அகற்ற நேர்ந்தால், அது அடிமரத்தோடு சேருமிடத்தில் வளையம்போல் புடைத்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே வெட்டுங்கள். அப்புடைப்பு சிதைந்தால் காயம் எளிதில் மூடாது. உச்சியை மொட்டையடிப்பதை எந்நிலையிலும் ஏற்க முடியாது, ஏனெனில் அதன்பின் கிளைக்கும் போத்துகள் வலுவின்றிக் காற்றில் முறிகின்றன.

புதிய கன்றுக்கான குழி, வேர்ப்பந்தைப்போல் (வேர்களும் அவற்றைச் சூழ்ந்த மண்ணும் சேர்ந்த உருண்டை) 2 முதல் 3 மடங்கு அகலமாகவும், அதன் உயரத்துக்கு மிகாத ஆழத்துடனும் இருக்கட்டும். மண்ணின்மேல் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றாலான மூடாக்கை 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில், தண்டைத் தொடாமல் பரப்புங்கள். மின்கம்பிகளுக்குக் கீழே குட்டை இனங்களே ஏற்றவை. ஒரே இனத்தைத் தெரு முழுவதும் நட்டால் ஒரு நோயே அனைத்தையும் அழித்துவிடக்கூடும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீரூற்றும் பொறுப்பை, கன்றுக்கு எதிரிலுள்ள வீட்டாரிடம் நடும் நாளிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.