பிரியாணி விற்ற காசும் பட்ஜெட் கூட்டமும்: தென்னாப்பிரிக்கப் பள்ளியில் பெற்றோர் பணம் திரட்டிச் செலவழிப்பது எப்படி?

டர்பனில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் போதும், புத்தகப் பைக்குள் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த வெள்ளிக்கிழமை சிவிஸ் டே, யூனிஃபார்ம் வேண்டாம், 5 ராண்ட் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வாரம் கேக் விற்பனை. அப்புறம் நம்பர் போட்ட பிரியாணி டிக்கெட் பத்து, ரப்பர் பேண்ட் சுற்றி வரும். விற்றால் பணம், விற்காவிட்டால் டிக்கெட், இரண்டில் ஒன்று திரும்பிப் போயாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இது புதுசு. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழசு. ஆனால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் போய் விழுகிறது, யார் கேட்டு யார் செலவழிக்கிறார்கள் என்றால் அவர்களிலும் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பெற்றோர் குழுவில் முதல்முறையாகப் பெயர் கொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நோக்கத்தை வைத்துக்கொண்டு பேசினால்தான் விளங்கும். அதனால், பள்ளி முடிந்ததும் வாரம் இரண்டு நாள் தமிழ் வகுப்பு நடத்த ஓர் ஆசிரியர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: பணப்பெட்டி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1996-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஓர் ஆளுகைக் குழு உண்டு. எல்லோரும் எஸ்.ஜி.பி. (ஸ்கூல் கவர்னிங் பாடி) என்றுதான் சொல்வார்கள். ஆசிரியர்கள், மற்ற ஊழியர்கள், எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளி என்றால் மாணவர் பிரதிநிதிகள், பிரின்சிபால் எல்லோரும் அதில் இருப்பார்கள். ஆனால் ஓட்டுரிமை உள்ள மற்ற எல்லோரையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது, பெற்றோர் ஒன்றாக நின்றால் அவர்கள் சொன்னதுதான் முடிவு. பெற்றோர் உறுப்பினர்களின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

நீங்கள் சேர்ந்திருக்கும் 'ஃபண்ட்ரெய்ஸிங் கமிட்டி' பெரும்பாலும் இந்த எஸ்.ஜி.பி.யின் கிளைதான். எஸ்.ஜி.பி. உறுப்பினர் ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பார். உறுப்பினர் அல்லாத உங்களையும் என்னையும் திறமை பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய குழப்பம் தீரும்: கமிட்டிக்கென்று தனியாகப் பணம் கிடையாது. சட்டத்தின் 37-ஆம் பிரிவு பள்ளி நிதி என்று ஒன்றைச் சொல்கிறது. ஃபீஸ், நன்கொடை, பிரியாணிக் காசு எல்லாம் அதில்தான் சேர வேண்டும். பள்ளியின் பெயரில் உள்ள ஒரே வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். "இப்போதைக்கு என் அக்கவுண்டில் போடுங்கள், அப்புறம் மாற்றிவிடுகிறேன்" என்று எவ்வளவு நல்லவர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. நாளைக்கு யாராவது அவரைப் பற்றி ஏதாவது பேசினால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு காகிதமும் இருக்காது, அதனால்தான்.

படி 2: ஃபீஸைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள்

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பள்ளிகளைச் சுற்றுவட்டார வறுமையைப் பார்த்து ஐந்து அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். ஏழ்மையான மூன்று அடுக்குகளில் கட்டணம் வாங்குவதில்லை. மேல் இரண்டு அடுக்கில் உள்ள பள்ளிகள் அரசிடமிருந்து குறைவாகவே பெறுகின்றன. மீதியைப் பெற்றோரிடம் ஃபீஸாக வாங்குகின்றன. அந்தத் தொகையைப் பிரின்சிபால் தீர்மானிப்பதில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஓட்டுப் போட்டுத்தான் தீர்மானிக்க முடியும்.

கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தையும் கூட்டி, ஃபீஸும் பள்ளி கேட்கும் மற்றத் தொகைகளும் அதில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. அதற்குக் கீழே பகுதி விலக்குக்கும் கணக்கு உண்டு. பெற்றோர் ஃபீஸ் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது, வகுப்பிலிருந்து ஒதுக்கவும் கூடாது. நம் ஆட்களில் பலர் மானம் போய்விடும் என்று படிவத்தை வாங்குவதே இல்லை. பாக்கி ஏறியபிறகு வக்கீல் கடிதம் வந்து நிற்கும். குழுவில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி, ஜனவரியிலேயே அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்து கைகொடுப்பது. பிரியாணி கிண்டுவதைவிட இது பெரிய வேலை.

படி 3: முதலில் செலவை எழுதுங்கள், பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்

நம் தமிழ் ஆசிரியருக்கு வருவோம். வாரத்துக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 40 வாரம். மணிக்கு 150 ராண்ட் என்று வைத்தால் 24,000 ராண்ட். இது உதாரணக் கணக்குதான், உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். அரசு தரும் ஆசிரியர்களுக்கு மேலாக எஸ்.ஜி.பி. தானே சம்பளம் கொடுத்து ஆசிரியரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பணியிடமும், அதற்கான செலவும், பணம் எங்கிருந்து வரும் என்பதும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். 'எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்' என்பது பட்ஜெட்டில் ஏறாது.

இந்த ஊரில் இது நமக்குப் புதிய வேலை இல்லை. டர்பன் இருக்கும் நேட்டாலில் இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் பலவும் மக்கள் காசு சேர்த்துக் கட்டியவை. அரசு மானியம் பிறகுதான் வந்தது. டர்பனில் 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் அப்படித்தான். இந்திய அரசின் முதல் ஏஜென்ட் ஜெனரலாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி முன்நின்று தூண்டினார், சமூகம் பணம் கொடுத்தது.

படி 4: பிரியாணி நாள்

தேதியில் கவனம். புரட்டாசியில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் கவிச்சி தொடமாட்டார்கள். தைப்பூசக் காவடி, ஈஸ்டரை ஒட்டி வரும் தீமிதி சமயங்களிலும் அப்படித்தான். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை வைப்பதென்றால் காய்கறி பிரியாணி போடுங்கள், விற்கும். கோழி வாங்கினால் ஹலால் கடையில் வாங்குங்கள். முஸ்லிம் பெற்றோரும் டிக்கெட் எடுப்பார்கள். ரமலான் மாதத்துப் பகல் விற்பனை வேண்டாம்.

அரிசி எத்தனை கிலோ, மசாலா எவ்வளவு என்பதில் தலையிடாதீர்கள். ஒவ்வோர் ஊரிலும் முந்நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய ஓர் ஆன்ட்டி இருப்பார். அவர் சொல்வதே சட்டம். உங்கள் வேலை டிக்கெட்டும் காசும்.

டிக்கெட்டுக்குத் தொடர் எண் அச்சடியுங்கள். ஒரு நோட்டில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை யார் வாங்கினார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளை வீடு வீடாக விற்க அனுப்பாதீர்கள், பெற்றோர் விற்கட்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 300 டிக்கெட், ஒன்று 80 ராண்ட். பதினெட்டு டிக்கெட் விற்காமல் திரும்பியது, மீதி 282. வரவு 22,560. கோழி 5,400, அரிசி பருப்பு எண்ணெய் மசாலா 3,100, உருளைக்கிழங்கு வெங்காயம் கேரட் தயிர் 1,700, பெட்டியும் பையும் 900, கேஸும் பாத்திர வாடகையும் 1,200. மொத்தச் செலவு 12,300. கையில் நிற்பது 10,260.

விற்பனை முடிந்ததும் நடக்க வேண்டியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கசியும் இடம் இதுதான். எல்லோரும் களைத்துப் போயிருப்பார்கள். மேசைமேல் தால் சிந்திய பெட்டிகள், ஐஸ்கிரீம் டப்பாவில் சில்லறை. "நாளைக்கு எண்ணிக்கொள்ளலாம் கண்ணு" என்பார் ஒருவர். வேண்டாம். ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டு, உறவினர் அல்லாத இரண்டு பேர் உட்காருங்கள். 200, 100, 50, 20, 10 என்று நோட்டுகளைத் தனித்தனியாக அடுக்கி, எத்தனை நோட்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் சில்லறைக்காகப் போட்ட பணத்தை முதலில் கழியுங்கள். விற்ற டிக்கெட் எண்ணிக்கையோடு தொகையைச் சேர்த்துப் பாருங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு, பையை ஒட்டிப் பள்ளியின் பெட்டகத்தில் வையுங்கள். திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். கோழிக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக்கூட அந்தப் பையிலிருந்து எடுக்காதீர்கள். வரவு முழுசாக உள்ளே போகட்டும், செலவு பில்லோடு வெளியே வரட்டும். 282 டிக்கெட்டுக்கு 22,560 என்று ஸ்டேட்மென்டில் தெரிந்தால் தணிக்கையாளர் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார். 17,160 என்று தெரிந்தால் மீதி 5,400 கோழிக்குப் போனது என்று நீங்கள் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

ராஃபிள் (டிக்கெட் விற்றுப் பரிசுக் குலுக்கல்) நடத்த ஆசை வந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். அது 1997-ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டத்துக்குள் வரும் விஷயம். பெரிய நன்கொடை தரக்கூடிய கடைக்காரர் யாராவது இருந்தால், வருமானவரிச் சட்டத்தின் 18ஏ ரசீது கொடுக்கப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். இருந்தால் அவருக்கு வரிச் சலுகை கிடைக்கும், அடுத்த ஆண்டும் தருவார்.

படி 5: பட்ஜெட் கூட்டத்துக்குப் போங்கள்

இப்போது கணக்கைப் பாருங்கள். இத்தனை பேர் இரண்டு நாள் உழைத்தும் 10,260. தமிழ் ஆசிரியர் செலவில் பாதிகூட இல்லை. ஃபீஸ் ஆண்டுக்கு 2,500 ராண்ட் என்று வைத்தால், இது நான்கு பிள்ளைகளின் ஃபீஸ். எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் எத்தனை பேர் பாக்கி வைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். பிரியாணி ஆட்களைச் சேர்க்கும். பள்ளியை நடத்தும் பணம் பட்ஜெட்டில்தான் இருக்கிறது. ஆனால் பிரியாணி நாளுக்கு வரும் கூட்டத்தில் கால்வாசிகூடப் பட்ஜெட் கூட்டத்துக்கு வருவதில்லை. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

பள்ளியின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை எஸ்.ஜி.பி. தயாரித்துப் பெற்றோர் கூட்டத்தில் வைக்க வேண்டும். கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். 14 நாள் முன்பிருந்தே பட்ஜெட்டைப் பள்ளியில் போய்ப் பார்க்கலாம். பட்ஜெட் நிறைவேற, வந்திருப்பவர்களில் ஓட்டுப் போடுபவர்களின் பெரும்பான்மை போதும். நாற்பது பேர் வந்தால் அந்த நாற்பது பேர்தான் எண்ணூறு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் தீர்மானிப்பார்கள்.

அதனால் தமிழ் வகுப்புக் கோரிக்கையை அன்றைக்கு எழுந்து நின்று கேட்காதீர்கள். அச்சடித்த பட்ஜெட்டில் அன்று எதையும் நுழைப்பது கஷ்டம். ஆகஸ்டிலேயே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எத்தனை பிள்ளைகள் படிக்க விரும்புகிறார்கள், பெற்றோர் கையெழுத்து, செலவு 24,000, பிரியாணியில் வந்தது 10,260, மீதி 13,740-ஐப் பள்ளி நிதியிலிருந்து கேட்கிறோம். பிறகு கையெழுத்துப் போட்ட பெற்றோர் அத்தனை பேரையும் கூட்டத்துக்கு இழுத்து வாருங்கள்.

படி 6: செலவழிக்கும்போது

பள்ளி நிதியைக் கல்வி சம்பந்தப்பட்ட காரியங்களுக்குத்தான் செலவழிக்கலாம். கூடுதல் ஆசிரியர், காவலாளி, மின்கட்டணம், போட்டோகாப்பித் தாள், கழிப்பறைத் தாள், விளையாட்டுப் போட்டிக்குப் பஸ், இதெல்லாம் சரி. அதில் வாங்கிய நாற்காலியும் கம்ப்யூட்டரும் பள்ளியின் சொத்து. கமிட்டி உழைத்து வாங்கியது என்பதற்காக யார் வீட்டு விசேஷத்துக்கும் எடுத்துப்போக முடியாது. எஸ்.ஜி.பி. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, கைக்காசு போட்ட நியாயமான செலவை மட்டும் திரும்பப் பெறலாம். மாகாணக் கல்வி அமைச்சரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் கடனோ ஓவர்டிராஃப்டோ வாங்க முடியாது.

தர்மசங்கடம் வருவது சொந்தக்காரர் வேலைகளில்தான். கமிட்டியில் இருக்கும் அங்கிள் ஒருவருக்குப் பெயின்ட் கான்ட்ராக்ட் தொழில், பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று வையுங்கள். அவர் விலை கொடுக்கட்டும், தப்பில்லை. இன்னும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். எஸ்.ஜி.பி. உறுப்பினருக்கு ஒரு விஷயத்தில் சொந்த லாபம் இருந்தால், அந்தப் பேச்சு முடியும்வரை அவர் கூட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும் என்பது சட்டம். "அங்கிள், பத்து நிமிஷம் வெளியே டீ குடியுங்களேன்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் வெளியே போனார் என்பதை மினிட்ஸில் எழுதுங்கள்.

படி 7: கணக்கைக் கேட்டுப் பாருங்கள்

டிசம்பரோடு ஆண்டு முடிந்தால், மார்ச் இறுதிக்குள் எஸ்.ஜி.பி. ஆண்டுக் கணக்கைத் தயாரிக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு ஜூன் இறுதிக்குள் மாகாணக் கல்வித் துறைக்குப் போக வேண்டும். அக்கறை உள்ள எவரும் கேட்டால் அந்தக் கணக்கைப் பார்க்கக் கொடுத்தாக வேண்டும். ஆபீஸுக்குப் போகுமுன் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், எந்த நாள் வசதி என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். போனதும் 'நிதி திரட்டல்' என்ற வரியைத் தேடி, உங்கள் நோட்டில் இருக்கும் 22,560-உம் 12,300-உம் தனித்தனியாக அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது தமிழ் ஆசிரியர் சம்பளம். ஒதுக்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு. குறைவாகக் கொடுத்திருந்தால் வகுப்பு எத்தனை வாரம் நடக்கவில்லை என்று கேளுங்கள், ஆகஸ்ட் கடிதத்தை எழுதுவதற்குள் அந்தப் பதில் கையில் இருக்க வேண்டும்.