காணொளிக் கோப்பின் அளவைக் குறைப்பது எப்படி?

கைப்பேசியில் எடுத்த பத்து நிமிடக் காணொளி ஒரு ஜிகாபைட்டைத் தாண்டி நிற்பதைக் கண்டதும், பலர் அதை ஜிப் கோப்பாக மாற்றிப் பார்க்கிறார்கள். அதனால் பயனில்லை. கேமராவே படத்தை ஒருமுறை சுருக்கித்தான் சேமித்திருக்கிறது என்பதால், ஜிப் முறை பிழிந்தெடுக்க அதில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. காணொளியை மறுபடி என்கோடு செய்வதே, அதாவது புதிதாகச் சுருக்கி எழுதுவதே வழி.

அதற்கு முன் ஒரு சிறு கணக்கு. கோப்பின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: ஓடும் நேரமும், ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு செலவாகிறது என்ற பிட்ரேட்டும். நொடிக்கு 17 மெகாபிட் வீதம் பதிவான 10 நிமிடக் காணொளியில், 600 நொடியை 17ஆல் பெருக்கி, எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுத்தால், 1,275 மெகாபைட் வருகிறது. பிட்ரேட்டை 2.5 மெகாபிட்டுக்கு இறக்கினால் அது ஏறத்தாழ 188 மெகாபைட் ஆகிவிடும். ரெசல்யூஷன் (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை), நொடிக்கு வரும் பிரேம்களின், அதாவது தனிப் படங்களின் எண்ணிக்கை, கோடெக் (சுருக்கும் முறை) ஆகியவையெல்லாம், படம் கெடாமல் பிட்ரேட்டை எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பதை முடிவுசெய்பவை மட்டுமே.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இந்த வேலைக்குப் போதுமானது. கோப்பைத் திறந்து, வடிவமாக எம்பி4ஐயும், கோடெக்காக எச்.264ஐயும் தேர்ந்தெடுங்கள். எச்.265, ஏவி1 ஆகியவை இன்னும் சிறிதாகச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 2003இல் வெளிவந்த எச்.264 பழைய கைப்பேசி, பழைய உலாவி எதிலும் தகராறின்றி ஓடும். பார்ப்பவர் யாரென்று தெரியாதபோது அதுவே பாதுகாப்பான தேர்வு.

பெரும்பாலானோர் கைப்பேசித் திரையில்தான் பார்ப்பார்கள் என்றால், 1080பி படத்தை (உயரவாக்கில் 1,080 புள்ளிகள் கொண்டது) 720பி ஆக்கத் தயங்க வேண்டாம்; புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே, 44 சதவீதமாகக் குறைந்துவிடும். நொடிக்கு 60 பிரேம் இருந்தால், விளையாட்டுக் காட்சி அல்லாதவற்றை 30க்கு இறக்கலாம்.

இனி முக்கியமான இடம், தர அளவுகோல். ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்ற பெயரில் இருக்கும் இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 720பிக்கு 19 முதல் 23 வரையும், 1080பிக்கு 20 முதல் 24 வரையும் பொருத்தமானவை. எண்ணில் 6 கூட்டினால் அளவு ஏறக்குறையப் பாதியாகும். பிட்ரேட்டை நாமே குறிப்பதைவிட இந்த எண்ணைக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. அசையாமல் நின்று பேசும் ஒருவரின் காணொளிக்குக் கொஞ்சம் பிட்ரேட் போதும். கூட்டம் நெரியும் தேர்த் திருவிழாவுக்கோ இரைந்து விழும் அருவிக்கோ அது போதாது, படம் கட்டம் கட்டமாக உடையும். எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்பதை மென்பொருளே அளந்து கொடுக்கட்டும். முழுவதையும் என்கோடு செய்யும் முன், அசைவு மிகுந்த சில நொடிகளை மட்டும் முன்னோட்டமாகச் செய்து பார்த்துவிட்டால் நேரம் வீணாகாது.

"100 மெகாபைட்டுக்கு மேல் ஏற்ற முடியாது" என்பது போன்ற கட்டாய வரம்பு இருந்தால் மட்டும் சராசரி பிட்ரேட்டைக் குறிக்கலாம். பத்து நிமிடத்துக்கு அந்த வரம்பு நொடிக்குச் சுமார் 1,333 கிலோபிட்டைத் தரும். ஒலிக்கு 128ஐ ஒதுக்கி, சற்றே இடம்விட்டுப் படத்துக்கு 1,150 என்று வையுங்கள். காணொளியை இரண்டு முறை அலசும் வசதியையும் இயக்கினால், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் பிட்கள் தேவையான காட்சிகளுக்குப் போய்ச் சேரும்.

ஒலிக்கு ஏஏசி கோடெக்கில் 128 கிலோபிட் தாராளம். வெறும் பேச்சாக இருந்தால் 64 கிலோபிட், மோனோ (ஒற்றைத் தட ஒலி) போதும்.

'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற பெட்டியைத் தேர்வுசெய்ய மறக்கக் கூடாது. எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, எம்பி4 கோப்பில் வழக்கமாகக் கடைசியில் எழுதப்படுகிறது. இந்தத் தேர்வு அதை முன்னால் கொண்டுவந்து வைப்பதால், முழுக் கோப்பும் இறங்கும் வரை காத்திராமல் காணொளி உடனே ஓடத் தொடங்கும்.

என்கோடு முடிந்ததும் வாயசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று கோப்பின் கடைசிப் பகுதியில் பாருங்கள். கைப்பேசிப் பதிவுகளில் பிரேம் வேகம் ஏறியிறங்குவதால் சில சமயம் பிசகு நேரும். அப்படி நேர்ந்தால் பிரேம் வேகத்தை நிலையானதாக மாற்றி, மூலக் கோப்பிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். சுருக்கியதையே மீண்டும் சுருக்கினால் தரம் மேலும் தேயும் என்பதால், மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம்.